சிவயோகத்தின் கடைக்குள்ளால் போன வழி

முதல் வீடு வந்து நின்றது ஒரு புதன்கிழமை, சந்தை நாள், ஷீப் ஸ்ட்ரீற்றின் வாயில், முதல்நாள் வரைக்கும் பஸ்ஸும் காரும் குப்பை லொறியும் போய்வந்த தார் ரோட்டின் நட்டநடுவில். அதுவும் புது வீடு அல்ல, பாருங்கோ, செங்கல் கறுத்து, கூரை ஓட்டில் பாசி பிடித்து, சன்னல் சட்டத்தில் வெள்ளைப் பெயின்ற் உரிந்து, முந்நூறு வருஷமாக அதே இடத்தில் நின்று அலுத்துப்போன முகத்தோடு நின்றது அந்த வீடு. பத்திரிகைக் கட்டை உள்ளே எடுக்க வந்த சிவயோகம்தான் அதை முதலில் கண்டாள். கண்டதும் அவளுக்கு வந்த யோசனை, இனிப் பால் லொறி எந்தப் பக்கத்தால் வரப்போகிறது என்பதுதான். கடை வைத்திருக்கிற மனிசிக்கு வேறென்ன யோசனை வரும்?

ஆல்டர்பி என்ற அந்த இங்கிலாந்துச் சந்தைப் பட்டினத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை, ஆல்டர்பிக்காரரும் உங்களைக் கேள்விப்பட்டதில்லை. நடுவில் ஒரு சதுக்கம், சதுக்கத்தின் நடுவில் ஒரு காலத்தில் வெண்ணெய் விற்ற கல்மண்டபம், ஒரு பக்கம் தானியம் விற்ற பெரிய கட்டடம், இப்போது அங்கே யோகா வகுப்பு நடக்கிறது, மற்றப் பக்கம் கோப்பிக் கடையாகிப்போன வங்கி, மேலே எப்போதும் பிந்தியே ஓடும் தேவாலய மணிக்கூடு, அதைச் சுற்றி ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி பழைய வீடுகள். புதன்கிழமைதோறும் சந்தை. எழுநூறு வருஷமாக ஒரு புதன்கூடத் தவறவில்லையாம். கொள்ளைநோய்க் காலத்திலும் நடந்ததாம். அப்போது விற்றது ஆர், வாங்கினது ஆர் என்று கேட்டால் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்கள்.

இறைச்சிக் கடைக்கும் பழைய உடுப்பு விற்கும் தரும கடைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்பது சிவயோகத்தின் கடை. பத்திரிகை, பால், சிகரெற், பிறந்தநாள் அட்டை, லொத்தர்ச் சீட்டு, மழை பெய்தால் ஒதுங்க ஓர் இடம். முன்கதவு சதுக்கத்தைப் பார்க்கும், பின்கதவு கார் பார்க்கைப் பார்க்கும். மேல்மாடியில் அவளும் புருஷன் கதிர்காமநாதனும் குடியிருந்தார்கள். ஒரே மகள் ஆரணி கலியாணம் முடித்து வடக்கே கிளாஸ்கோவில் இருந்தாள், வயிற்றில் மூன்று மாதம், தலைப்பிள்ளை. மருமகனுக்கு நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற வேலை. போனால் மாதக்கணக்கில் கரைக்கு வரமாட்டான்.

வீட்டைப் பார்க்க ஊர் திரண்டது. நம்மூர் என்றால் கற்பூரம் கொளுத்தியிருப்பார்கள், அல்லது கல்லெறிந்திருப்பார்கள். இவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, செங்கல் அடுக்கின வேலை எவ்வளவு நேர்த்தி என்று மெச்சினார்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தின் தலைவி மிஸிஸ் ஹெஸ்கெத், காணி வழக்குகளில் தலை நரைத்து ஓய்வுபெற்ற சட்டத்தரணி, கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கவுன்சில்காரர் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, இவ்வளவு பழைய வீட்டை இடிக்க இந்த நாட்டில் எவருக்கும் அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டு, ரோடு பூட்டு என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். அன்றைக்குச் சந்தையில் மரக்கறி விற்கிற கிளைவ் கத்தின கத்தலில் ஒரு மாற்றமும் இல்லை, முட்டைக்கோவா விலையிலும் இல்லை.

அடுத்த கிழமை பிரிட்ஜ் ஸ்ட்ரீற்றின் வாயில் இன்னொரு வீடு. பிறகு கிங்ஸ் ஸ்ட்ரீற். இலை கொட்டி முடிகிறதற்குள் சதுக்கத்திலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு தெருவின் வாயிலும் ஒரு பழைய வீடு வந்து குந்திவிட்டது. கடைசியாக இருந்த சேர்ச் லேன் ஒழுங்கைக்குள், பஸ்ஸில் இடமில்லாமல் பக்கவாட்டில் நிற்கிற ஆளைப் போல, ஓர் அலுமாரி அகலத்தில் ஒரு வீடு தன்னை நெருக்கிக்கொண்டது. அந்த வீடுகளின் கதவுகள் திறக்கவில்லை. சன்னலால் எட்டிப் பார்த்தால் திரைச்சீலைக்குப் பின்னால் செங்கல். கிளைவ் ஏணி வைத்துக் கூரையில் ஏறிப் பார்த்தான், கூரைக்கு அப்பால் இன்னொரு கூரை, அதற்கு அப்பாலும் இன்னொன்று, கண்ணுக்கெட்டிய தூரம் புகைபோக்கிகள்தான். இறங்கி வந்து, மேலே நல்ல காற்று என்றான்.

அப்படியானால் சனம் எப்படி வெளியே போய் வந்தது? சிவயோகத்தின் கடைக்குள்ளால்தான். கார் பார்க்குக்குப் போகச் சுற்றிக்கொண்டு நடக்கப் பஞ்சிப்பட்டவர்கள், அவள் கடை வாங்கின நாளிலிருந்தே, முன்கதவால் நுழைந்து, பாலுக்கும் பிறந்தநாள் அட்டைக்கும் நடுவால் நடந்து, பின்கதவால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போகிறவன் ஒரு சூயிங்கமாவது வாங்க மாட்டானா என்றொரு நப்பாசையும் இருந்தது. தெருக்களில் காரின் சில்லுத்தான் போனது, மனிதக் கால் நடந்து தேய்ந்த வழி உங்கள் கடை ஒன்றுதான், அதனால்தான் அதை வீடுகள் விட்டுவைத்திருக்கின்றன என்று மிஸிஸ் ஹெஸ்கெத் விளங்கப்படுத்தினார். ஊர் தலையாட்டியது. கார் சத்தம் இல்லை, புகை இல்லை, சதுக்கத்தில் கதிரை போட்டுத் தேநீர் குடிக்கலாம், என்ன ஒன்று, வெளியே போக வேண்டுமென்றால் சிவாவின் கடைக்குள்ளால் போகவேண்டும். அவர்கள் வாயில் சிவயோகம் நுழையாது. அவள் அங்கே சிவா.

காலையில் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நாய்கள், தபால்காரர், புதன்கிழமைகளில் முட்டைக்கோவாப் பெட்டிகளும் பாற்கட்டிக் கூடைகளும், ஒருநாள் ஒரு பியானோவும், எல்லாம் அவளுடைய கல்லாவை உரசிக்கொண்டு போயின. ஒருவரை ஒருவர் இடித்தால் சொறி என்று ஒரு மன்னிப்பு, இடிக்காவிட்டாலும் ஒரு சொறி. சும்மா சொல்லக்கூடாது, ஆரம்பத்தில் அவளுக்கு அது பெருமையாகவும் இருந்தது. வியாபாரமும் பரவாயில்லை.

பிறகு ஒருநாள் கதிர்காமநாதன் மொத்தச் சாமான் ஏற்றிக்கொண்டு வான் வண்டியில் வந்து கார் பார்க்கில் நின்று ஹோர்ன் அடிக்க, அவள் உதவிக்கு இறங்கினாள். இரண்டு காலும் வெளியே பட்டதுதான் தாமதம், கதிர்காமநாதன் அரிசி மூட்டையைக் கீழே போட்டார்.

"யோகம், கதவு எங்கை?"

திரும்பிப் பார்த்தாள். கதவு இருந்த இடத்தில் மழைக்கறை படிந்த செங்கல் சுவர்.  ஓடிப்போய்ச் சுவரில் கையை வைத்தாள். கை பட்டதும் கதவு வந்தது, கைபிடியோடு, அதில் தொங்கின பழைய மணியோடு. உள்ளே ஆறேழு பேர் இருட்டுக்குள் நெருக்கியடித்து நின்றுகொண்டு, வெளியே மழையா என்று கேட்டார்கள்.

கதிர்காமநாதன் கை வைத்துப் பார்த்தார், வரவில்லை. அவள் வெளியே நிற்க அவர் கல்லாவில் நின்று பார்த்தார், செங்கல். கிளைவ் அவளுடைய கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, குரலை மெல்லிசாக்கி "குட் மோர்னிங் டியர்" என்று சொல்லிக்கூடப் பார்த்தான், செங்கல் மசியவில்லை. அவள் கடைக்குள் நின்றால் வழி. இல்லாவிட்டால் சுவர். ஊர் இதையும் அலட்டிக்கொள்ளாமல் ஏற்றுக்கொண்டது. அன்று பின்னேரமே ஒருவர் அவளுக்குச் சாய்கதிரை கொண்டுவந்தார், ஒருவர் காலடியில் வைக்கச் சின்ன ஹீற்றர், ஒருவர் எலுமிச்சைக் கேக். கடைக்குள் நிற்கிறவளுக்கு ஒரு குறையும் இருக்கக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

இப்படித்தான், ஒருவரும் பூட்டாமலே, சிவயோகம் பூட்டுப்பட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை பக்கத்து நகரத்து அம்மன் கோயிலுக்குப் போகிறது நின்றது. பல்லுக் கொதித்தது, வைத்தியரிடம் போகவில்லை, கிராம்பை வைத்துக் கடித்தாள். கதிர்காமநாதன் வெளியே போய்விட்டு வரும்போது அவருடைய கோட்டில் ஈரப்புல்லும் பெற்றோலும் மணக்கும். அவள் அதை வாங்கித் தொங்கவிடுகிற சாட்டில் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மணந்துபார்ப்பாள். பின்கதவு நிலையில் நின்று கார் பார்க்கின் ரிக்கற் மெசினைப் பார்த்துக்கொண்டிருப்பாள், ஏதோ கடற்கரையைப் பார்க்கிறவள் மாதிரி. சனம் அவளை உரசிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும், வந்துகொண்டே இருக்கும், எல்லாருக்கும் எங்கேயோ ஒரு சோலி. அவளுக்கு மூச்சு முட்டியது. வாய்விட்டுச் சொன்னால் நன்றிகெட்டவள் என்று நினைப்பார்களோ என்று சொல்லாமல் விட்டாள்.

ஆரணி மத்தியானத்தில் ரெலிபோன் எடுப்பாள்.

"அம்மா, வருவீங்கள்தானே?"

"வராமல்? பத்தியக் கறிக்குச் சரக்கெல்லாம் வறுத்து இடிச்சு வைச்சிட்டன். பிள்ளை பிறந்தா ஒரு மாசம் நான் உன்னை அடுப்படிக்கு விடமாட்டன்."

"அவர் கடலுக்குள்ளை நிப்பார் அம்மா. எனக்குப் பயமாக் கிடக்கு. எனக்கு ஆரும் பக்கத்திலை வேணும். ஆரும் எண்டால் ஆரும் இல்லை, நீங்கள்."

"விசர்க்கதை கதையாதை. நான் வருவன்."

சொல்லிவிட்டு ரெலிபோனை வைத்தாள். வைத்துவிட்டுப் பின்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

மாசி பிறந்ததும் அவள் துணிந்து ஊருக்குச் சொன்னாள், மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, ஒரு மாதம் போய் நிற்கப் போகிறேன் என்று. ஒருவராவது வேண்டாம் என்று சொன்னார்களா? இல்லை. கட்டிப்பிடித்தார்கள், கையைக் குலுக்கினார்கள், கட்டாயம் போகத்தான் வேண்டும், தாய் போகாமல் வேறு யார் போவது என்றார்கள். சொல்லிவிட்டு, வாசலில் திரும்பி நின்று, தன்னுடைய இரத்த அழுத்தக் குளிசை வியாழக்கிழமைகளில்தான் வரும் என்று ஒருவரும், பேரப்பிள்ளையின் நீச்சல் வகுப்பு பாதியில் நிற்கிறது என்று ஒருவரும், சந்தைக்கு வெளியூர்க்காரர் வராவிட்டால் எழுநூறு வருஷத்தில் முதல்தடவையாக ஒரு புதன் தவறிவிடும், பரவாயில்லை, அதையெல்லாம் யோசிக்காதீர்கள் என்று கிளைவும், தன் நாய்க்கு வெளியே உள்ள அந்த ஒரு மரத்தடிதான் சரிவரும் என்று தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிறவரும், ஒவ்வொருவரும் ஒன்றே ஒன்று, அதற்கு மேல் இல்லை, மெல்லிய குரலில், சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசி ஆள் போனபோது கல்லாவில் நாலு கேக் இருந்தது. சிவயோகத்துக்கு ஓவென்று அழவேண்டும் போல இருந்தது.

அன்று பின்னேரம் மிஸிஸ் ஹெஸ்கெத் குடையோடு வந்து, சனம் குறைகிற வரைக்கும் வாழ்த்து அட்டைகளைப் பார்க்கிற மாதிரி நின்றார்.

"சிவா, நத்தாரன்று, கிறிஸ்மஸ் நாளில், கடையைப் பூட்டுவீங்களா?"

"இல்லை."

"ஒரு வருஷமாவது?"

"எப்பிடிப் பூட்டுறது? விளையாட்டுச் சாமானுக்குப் பற்றரி இல்லாமல் பிள்ளையள் அழுதுகொண்டு வருங்கள். பால் முடிஞ்சு போனவை வருவினம்." அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள், ஆனால் சொன்ன தொனி அவளுடைய ஊரான நல்லூர்த் தொனி.

மிஸிஸ் ஹெஸ்கெத் கண்ணை மூடித் திறந்தார். "இந்த நாட்டில் தன் நிலத்துக்குள்ளால் ஊரை நடக்கவிடுகிறவர்கள் வருஷத்தில் ஒரு நாள் படலையைப் பூட்டிவைப்பார்கள். ஒரு முழு நாள், ஒருவரும் போகாமல். பெரும்பாலும் நத்தாரன்று. அப்போதுதான் அந்த வழி சொந்தக்காரருடையதாக இருக்கும். பூட்டாமல் வருஷக்கணக்காக விட்டால் அது ஊருடையதாகிவிடும். இறைச்சிக் கடைக்காரருக்குத் தெரியும், கோப்பிக் கடைக்காரருக்குத் தெரியும். உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையா?"

யார் சொல்வது? சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பார்களா? வெள்ளைக்காரன் கடையைப் பூட்டிவிட்டு வான்கோழி தின்னப் போகிற நாளில்தான் திறந்து வைத்திருக்கவேண்டும் என்பது நம் ஆட்களின் பெரிய கெட்டித்தனம் அல்லவா? கடை வாங்கின முதல் வருஷமே கதிர்காமநாதன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார், பூட்டுற கடை எங்கட கடை இல்லை என்று. காய்ச்சல் வந்தாலும் திறந்தார்கள், பனி முழங்கால் வரை கொட்டினாலும் திறந்தார்கள், ஊரில் மாமனார் செத்த செய்தி வந்த அன்றும் பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதார்கள். அந்தக் கெட்டித்தனம்தான் இப்போது அவளைக் கதவு நிலையோடு சேர்த்து அறைந்துவிட்டது.

"இப்ப ஒரு நாள் பூட்டினால்?" என்று கேட்டாள்.

"முழு நாளும் என்றால், வழி திரும்ப உங்களுடையதாகும். விடுகிறதும் மறிக்கிறதும் உங்கள் விருப்பம். ஆனால் நாங்கள்..." மிஸிஸ் ஹெஸ்கெத் குடையின் நுனியைப் பார்த்தார். "நீங்கள் அப்படிச் செய்யக்கூடிய ஆள் இல்லை, சிவா. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்." சொல்லிவிட்டு அவளுடைய கையை அன்பாகத் தட்டினார்.

பிள்ளை நாள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பங்குனியில் ஒரு புதன்கிழமை, சந்தை நிரம்பி வழிகிற நேரம், ரெலிபோன் அடித்தது.

"அம்மா, பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது. அம்புலன்ஸ் வருது. நீங்கள் வெளிக்கிட்டாச்சே?"

"வெளிக்கிட்டிட்டன் குஞ்சு, வெளிக்கிட்டிட்டன்."

 கதிர்காமநாதன் மாடிக்கு ஓடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சனத்தை விலத்தி, வானை ஸ்ராட் பண்ணப் போனார். அவள் கல்லாவைப் பூட்டி, கோட்டை மாட்டி, சரக்குத் தூள் போத்தலை அணைத்துக்கொண்டு பின்கதவை நோக்கி நடந்தாள். கடை நிறைய வரிசை. பெட்டிகளோடும் கூடைகளோடும் வெளியே போகக் காத்துநின்ற சனம். அவள் கதவுக்குக் கிட்டப் போனபோது, அவளை முன்பின் பார்த்திராத வெளியூர் வியாபாரி ஒருவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"மன்னிக்கவேண்டும், இங்கே வரிசை ஒன்று இருக்கிறது."

இத்தனை வருஷம் இங்கிலாந்தில் இருந்தவளின் கால் என்ன செய்யும்? அவளைக் கேட்காமலே திரும்பியது. "சொறி, சொறி" என்று சொல்லிக்கொண்டு, வரிசையின் வால் தேடி, பாலைக் கடந்து, பத்திரிகையைக் கடந்து, முன்கதவால் சதுக்கத்துக்கு இறங்கி, நாய்க்குட்டியோடு நின்ற ஒரு மனிசிக்குப் பின்னால் போய் நின்றாள். தன்னுடைய கடைக்குப் போட்ட வரிசையில், தன்னுடைய பிள்ளையிடம் போக, கடைசி ஆளாக! அவள் இறங்கின அந்தக் கணமே பின்கதவு செங்கலாகிப் போயிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு வரிசை வழியாக நகர்ந்து நகர்ந்து வந்து அவளை எட்டியபோதுதான் அவளுக்குப் புத்தி வந்தது. அட, நான் செத்தாலும் இவையளுக்கு வழி விட்டுப்போட்டுத்தான் சாவன் என்று நினைத்தாள். அப்படியொரு கோபம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

விறுவிறென்று உள்ளே நடந்தாள். அவள் காலடி பட்டதும் பின்கதவில் வெளிச்சம் வந்தது. வரிசையை வெட்டிக்கொண்டு போனாள், இங்கிலாந்தில் கொலைக்கு அடுத்த பாவம் அது, ஒருவரும் மறிக்கவில்லை. "வெளியிலை வர விருப்பமானவை இப்பவே வாங்கோ" என்று சொன்னாள். ஒருவரும் அசையவில்லை, எல்லாருடைய சாமானும் பாதி உள்ளே, பாதி வெளியே. "போங்கள், நாங்கள் சமாளிப்போம்" என்றார் மிஸிஸ் ஹெஸ்கெத், முகம் வெளுத்து. அவள் இறங்கினாள். பின்னால் சுவர் மூடிக்கொண்டது. வானில் ஏறி அதன் கதவை அடித்துச் சாத்தும்போது சுவருக்கு உள்ளேயிருந்து இரண்டே இரண்டு தட்டு கேட்டது, பக்கத்து வீட்டில் சீனி கேட்க வந்தவர் தட்டுகிற மாதிரி.

"எடுங்கோ அப்பா," என்றாள் புருஷனிடம்.

வழி நெடுக அவள் சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தாள். வயல், ஆடு, பாலம், மழை, எல்லாம் சும்மா போய்க்கொண்டிருந்தன, ஒன்றும் அவளுக்குள்ளால் போகவில்லை. கிளாஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆரணி நோவில் கட்டில் கம்பியைப் பிடித்து முறித்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்று ஒரு குரல் வைத்தாள் பாருங்கோ, அந்தக் குரலுக்குத்தான் அவள் வந்தாள். விடியப் பெண்பிள்ளை பிறந்தது. சிவயோகம் பிள்ளையைக் கையில் வாங்கி, அழுது, சிரித்து, கதிர்காமநாதனையும் அழவைத்தாள். அந்த ஆசுபத்திரி அறைக்கு ஒரு கதவுதான். ஒரு கதவு மட்டும் உள்ள அறைக்குள்ளால் எந்த வழி போகும்? அவள் அதை யோசிக்கவில்லை.

ஆரணியின் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை கதிர்காமநாதன் பத்தியத்துக்கு மீன் வாங்கப் போய்விட்டார். ஆரணி குசினிக் கதிரையில் காலை நீட்டிப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிவயோகம் சரக்கைக் கரைத்து அடுப்பில் வைத்து, உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குசினிக்கு இரண்டு கதவு. ஒன்று நடைக்கு, ஒன்று உடுப்புக் காயப்போடும் பின்வளவுக்கு. நடைக்குப் போகிற கதவு திறந்தது, அதற்குப் பின்னால் நடை இல்லை, ஆல்டர்பிச் சதுக்கம் இருந்தது, பிந்தி ஓடும் மணிக்கூடு இருந்தது, கோப்பி மணந்தது. குடையை மடக்கிக்கொண்டு மிஸிஸ் ஹெஸ்கெத் உள்ளே வந்தார்.

"சொறி. காலை வணக்கம், சிவா. அட, பெண்பிள்ளையா? கொள்ளை அழகு." குசினியைக் கடந்து பின்கதவைத் திறந்தார். அங்கே கொடிக்கயிறு இல்லை, கார் பார்க் இருந்தது, ரிக்கற் மெசின் இருந்தது. போய்விட்டார்.

அவருக்குப் பின்னால் கிளைவ் பெட்டியோடு வந்தான். பிறகு தபால்காரர். பிறகு நாய். சொறி, சொறி, கண்ணைப் பிள்ளை பால் குடிக்கிற பக்கம் திருப்பாமல், தொப்பியைத் தொட்டு, ஒருவர் பின் ஒருவராக. கிளைவின் பெட்டி ஆரணியின் நீட்டின காலில் முட்டியது.

"கொஞ்சம் காலை மடக்கு பிள்ளை," என்றாள் சிவயோகம். "ஆக்கள் போகட்டும்."

ஆரணி காலை மடக்கவில்லை. பிள்ளையின் தலையைக் கையால் மறைத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள். தையல் நோவில் வெளுத்த முகம். கோபம் இல்லை அதில், கோபம் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நீங்கள் வந்திட்டீங்கள் எண்டு நினைச்சன் அம்மா," என்றாள்.

 சிவயோகம் கையிலிருந்த உள்ளியைப் போட்டாள். முதலில் பின்கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். பிறகு மற்றக் கதவுக்கு வந்தாள், ஓர்கன் வாசிக்கிறவர் ஒரு கால் வைத்து நின்றார். அவருடைய நெஞ்சில் விரித்த கையை வைத்து, தள்ளவில்லை, ஆனால் எடுக்கவும் இல்லை, அவர் பின்னுக்குப் போகும் வரைக்கும் வைத்திருந்தாள். கதவைச் சாத்தினாள். அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. திரும்பி முதுகைக் கொடுத்து நின்றாள்.

"சிவா?" என்றது கதவுக்கு அப்பால் ஒரு குரல். "ஏதும் பிரச்சினையா?"

"இண்டைக்குப் பூட்டு," என்றாள் தமிழில். பிறகு ஆங்கிலத்தில், சத்தமாக, "முழு நாளும் பூட்டு."

 ஒருவரும் கத்தவில்லை, இடிக்கவில்லை, அதுதான் தாங்கமுடியாதது. ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வந்து சேர்கிறதும், காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொள்கிறதும், வரிசை சதுக்கத்தின் பக்கமாக நீளுகிறதும் பலகையின் வழியாக அவளுடைய முதுகுக்குத் தெரிந்தது. குளிசைக்காரரும் நிற்பார், நீச்சலுக்குப் போகிற பிள்ளையும் நிற்கும். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் கதவை விட்டு அசையவில்லை.

"அம்மா, கறி அடிப்பிடிக்குது."

"அடுப்பை நிப்பாட்டு. எனக்கு இதாலை நகரேலாது. பிள்ளையை இஞ்சை கொண்டா."

ஆரணி மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, பிள்ளையைத் தாயின் கையில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல், தானும் பக்கத்தில் கதவோடு சாய்ந்து நின்றாள். அப்பால் யாரோ நாகரிகமாக இருமினார்கள். சிவயோகம் குதிக்காலை நன்றாக ஊன்றிக்கொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். காலை பத்து மணிதான் ஆகியிருந்தது.